பதினோராம் கட்டிலின் சாட்சி

வேனிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே மஞ்சள் சட்டை. முதுகில் 'பத்து நாள் அறுவடை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பத்து நாளில் கீரைகூட வளர்ந்து கைக்கு வராது. இவர்களோ ஒரு மலையூரையே அறுத்துக் கட்டிக்கொண்டு போகக் கடல் தாண்டி வந்திருந்தார்கள்.

முன்னால் நின்றவர் மைக் அண்ணன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவருடைய ஜெப சபையில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கையில் மைக் வந்தால் கரண்ட் போனால்தான் கீழே வைப்பார் என்பதால் வந்த பட்டம் அது. அதையும் பாராட்டு என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

வந்து சேர்ந்த இடம் ஒரு நாள்பட்ட நோயாளிகள் இல்லம். மேட்டின் உச்சியில் நீளமான கல் கட்டிடம். உள்ளே ஒரே வார்டு, இருபது கட்டில்கள். மேகம் ஜன்னலில் வந்து அப்பிக்கொள்ளும் ஊர் என்பதால் உச்சி வேளையிலும் உள்ளே மங்கலாகவே இருந்தது. பினாயில், நனைந்த கம்பளி, பல நாள் படுக்கை. மூன்றும் கலந்த வாடை வாசலிலேயே வந்து முகத்தில் அடித்தது.

"அடேயப்பா, எவ்வளவு இருட்டு! ஆவிக்குரிய இருட்டு" என்றார் மைக் அண்ணன். பல்பு போடவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வரவேற்க இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி தலைமை நர்ஸ். ஒல்லியான, சிரிக்காத பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து. இன்னொருவர் மொழிபெயர்ப்பாளர். அந்த ஊர்க்காரர்தான். தமிழ் ஆட்கள் நிறைந்த சரக்குக் கப்பலில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நர்ஸ் ஏதோ சொன்னாள்.

"ரெண்டு ஜன்னலுக்குக் கொக்கி இல்லையாம். குளிர்காத்து உள்ள வருதாம். அதை மட்டும் சரி பண்ணித் தர முடியுமான்னு கேக்குறாங்க" என்றார் கப்பல்காரர்.

"அதெல்லாம் உலகக் காரியம். நாங்க ஆத்துமா வேலைக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க."

கப்பல்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் இப்படிப்பட்ட மஞ்சள், நீல, பச்சைச் சட்டைகளை வருஷா வருஷம் பார்த்தவள்.

மைக் அண்ணனுக்கு ஆத்துமாவைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. அவருடைய மாமனார்தான் சபையை உண்டாக்கிய பெரிய போதகர். எழுபத்தெட்டு வயது, முட்டி போய்விட்டது. வருகிற மாசக் கடைசியில் நாற்காலியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்காரப் போகிறார். மருமகன்கள் இரண்டு பேர். மூத்த மருமகன், அதாவது சகலை, போன வருஷம் ஏதோ ஒரு தீவுக்குப் போய்விட்டு வந்து, செவிட்டுப் பிள்ளைக்குக் காது கேட்டது என்று ஒரு கதை சொன்னார். அந்த ஒரு கதையை வைத்து ஒரு வருஷமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தார். மைக் அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

விமான நிலையத்தில் அவர் மனைவி சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடியே சொல்லி அனுப்பியிருந்தாள். "வெறுங்கையோட வந்துடாதீங்க. எங்க அக்கா மூஞ்சியில என்னால முழிக்க முடியாது."

முதல் மூன்று நாள் ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தச் சுவருக்குப் பெயிண்டே தேவைப்படவில்லை. நான்காம் நாள் ஸ்பீக்கர் வைத்து வார்டில் பாடினார்கள். நோயாளிகள் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து, "உள்ளம் உடைஞ்சு அழுறாங்க" என்று மைக் அண்ணன் கேமராவுக்குச் சொன்னார். காய்ச்சல்காரக் கிழவர் ஒருவருக்காக ஜெபித்தார். அவருக்குக் காய்ச்சல் ஏறியது. அன்று சகலை போன் செய்தார்.

"என்ன சகலை, அங்க ஏதாச்சும் நடந்துச்சா? இல்ல, பெயிண்ட் மட்டும்தானா?"

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் வார்டுக்குள் நுழைந்தார்கள். கேமரா வைத்திருந்தவன் மைக் அண்ணனின் மச்சினன், மனைவியின் சித்தப்பா மகன். வெளிச்சம் தேடி நாலு பக்கமும் பார்த்தான். பதினோராம் கட்டிலைச் சுற்றிச் சக்கரம் வைத்த துணித்திரை நின்றிருந்தது.

"அத்தான், ஜன்னல் வெளிச்சம் பூரா அங்கதான் வருது. இந்தத் திரை மறைக்குது."

"தள்ளி ஓரமா போடு."

ஆஸ்பத்திரி வாசலை மிதித்த எவருக்கும் தெரியும், ஒரு கட்டிலைச் சுற்றித் திரை போடுகிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று. ஒன்பது பேரில் ஒருவர், ஒரே ஒருவர், ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரை கிரீச்சென்று உருண்டு மூலைக்குப் போனது.

கட்டிலில் ஒரு வயதான பெண்மணி. தலை வாரியிருந்தது. போர்வை கழுத்துவரை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எவ்வளவு அமைதியா தூங்குறாங்க பாருங்க" என்றார் மைக் அண்ணன். "இவங்களுக்கு என்ன வியாதி?"

கப்பல்காரர் கட்டில் காலில் தொங்கிய அட்டையைப் படித்தார். "இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. பதினோரு வருஷமா இதே கட்டில்."

மைக் அண்ணனின் கண் பளிச்சென்றது. பதினோரு வருஷம்! சகலையின் செவிட்டுப் பிள்ளைக்கு வயதே ஏழுதான்.

மச்சினன் எல்லாரையும் நிறுத்தி வைத்தான். கப்பல்காரர் கேமராவைப் பார்த்து, கட்டிலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் படம் நன்றாக இருக்கும். மைக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நோயாளியின் நெற்றியில் கை வைத்தார். சில்லென்றிருந்தது. மலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா! எழுந்து நட!"

கப்பல்காரர் அதை அந்த ஊர் மொழியில் உரக்கச் சொன்னார்.

"எழுந்து நட! எழுந்து நட!"

இரண்டு முறையும் சொன்னார். மூன்றாம் முறை, மைக் அண்ணனின் உள்ளங்கைக்குக் கீழே அந்த நெற்றி லேசாக மேலே உந்தியது.

கைதான் நடுங்குகிறது என்று அவர் அதை விட்டுவிட்டார். அரை நிமிஷம் காத்திருந்தார். போர்வை அசையவில்லை.

"எந்திரிக்கலையே அத்தான்" என்று கிசுகிசுத்தான் மச்சினன்.

"விசுவாசத்துல எந்திரிச்சாச்சு. நீ கட் பண்ணு."

அப்போதுதான் நர்ஸ் வந்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள். மூலையில் கிடந்த திரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், ஒன்பது மஞ்சள் சட்டைகளைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கப்பல்காரருக்கு அதைத் தமிழாக்க வாய் வரவில்லை. திரும்பிக் கட்டிலை இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"இவங்க காலையில அஞ்சு மணிக்கே இறந்துட்டாங்களாம். சவப்பெட்டிக்குப் போன் பண்ணத்தான் நர்ஸம்மா ஆபீஸ் பக்கம் போயிருந்தாங்களாம்."

மைக் அண்ணன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு மச்சினனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வெட்கம் உள்ள மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

"முகம் தெரியுதா?"

"பாதி தெரியுது. தூங்குற மாதிரிதான் இருக்கு."

"அனுப்பு. பதினோரு வருஷம் படுத்த படுக்கை, ஜெபிச்சோம், நடந்துட்டாங்கன்னு போடு."

"செத்தவங்க அத்தான்!"

"பரலோகத்துல நடக்குறாங்கல்ல? அது பொய்யா? அனுப்புடா."

அனுப்பினான். பத்து நிமிஷத்தில் சபை ஆனந்தத்தில் துள்ளியது. மாமனார் தழுதழுத்த குரலில் "என் மருமகனாச்சே!" என்று பேசி அனுப்பினார். மனைவி சிரித்துக்கொண்டே, "அக்கா என் போனையே எடுக்கல" என்றாள். மைக் அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கப்பல்காரர் வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நர்ஸம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. குளிப்பாட்டும்போது பாத்தாங்களாம். பாதம் ரெண்டும் அழுக்கா இருந்துச்சாம்."

"அதுக்கு?"

"பதினோரு வருஷமா தரையில படாத கால் அண்ணே. சின்னப் பிள்ளை கால் மாதிரி மெத்துன்னு இருக்கும். கழுவிவிட்டாங்க. பெட்டியை மூடப் போகும்போது பாத்தா, மறுபடியும் அழுக்கு. தரை அழுக்கு."

"குளிப்பாட்டுறவங்க சரியா குளிப்பாட்டலன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு மைக் அண்ணன் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் நாலு மணிக்கு இல்லத்தின் பின்பக்கத்தில் அடக்கம். ஒன்பது பேரும் போய்ப் பாடிவிட்டுத் திரும்பினார்கள். சரளைக்கல் பாதை, மேகம் தரைவரை இறங்கியிருந்தது. ஒன்பது ஜோடி ஷூக்கள் சரக் சரக்கென்று நடந்தன. நடுவில் இன்னொரு சத்தம். ஷூ இல்லாத கால். ஒரு கால் தப்பென்று விழும். மற்றது சரளையில் இழுபடும்.

தப். சர்ர்ர். தப். சர்ர்ர்.

மைக் அண்ணன் நின்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

அந்தக் கால் நிற்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வந்தது.

அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

வயதான பெண்மணிகளிடம் வரும் சோப்பும் மருந்தும் கலந்த வாடை ஒன்று மெல்ல அவர் தோளைத் தாண்டி வந்தது. மைக் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே அதுவும் வந்தது. பாவம், அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுத்து இழுத்து வந்தது.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது எல்லாருக்கும் கேட்டது. சாப்பாட்டு அறையின் வாசலில் ஆரம்பித்து, மேஜையைச் சுற்றி, மைக் அண்ணன் நாற்காலியின் பின்னால் வந்து நின்றது. இரண்டு பேர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மைக் அண்ணன் எழுந்து, பிசாசை விரட்டுகிற ஜெபத்தை உச்ச ஸ்தாயியில் எடுத்தார். கழுத்து நரம்பு புடைக்க முக்கால் மணி நேரம் கத்தினார். பிசாசாக இருந்தால்தானே ஓடும்? அது பொறுமையாக நின்றது. அவர் தொண்டை கட்டி உட்கார்ந்ததும் மறுபடி அறைக்குள் நடக்க ஆரம்பித்தது.

கப்பல்காரர் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, என்கிட்ட பேசுறாங்க. அவங்க காதுல விழுந்தது என் குரல்தானே? அதான் என்கிட்ட கேக்குறாங்க."

"என்ன... என்ன கேக்குறாங்க?"

"'இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?'னு கேக்குறாங்க. கால் வலிக்குதாம்."

நர்ஸும் வந்திருந்தாள். பதினோரு வருஷம் அந்த உடம்பைத் திருப்பிப் போட்டுத் துடைத்தவள். கையைக் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள். கப்பல்காரர் சொல்லச் சொல்ல மைக் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ரொம்பச் சொன்ன பேச்சு கேக்குற பொம்பளையாம். மருந்து குடின்னா குடிப்பாங்க, ஊசிக்குக் கையை நீட்டுன்னா நீட்டுவாங்க. நடன்னு நீங்க சொன்னீங்க, நடக்குறாங்க. நிறுத்தச் சொல்லாம எப்படி நிறுத்துவாங்க? செத்துட்டோம்னே அவங்களுக்குத் தெரியாது. குணமாயிட்டோம்னு நினைச்சுட்டிருக்காங்க. கட்டில் பக்கத்துல நின்னு உண்மையைச் சொல்லுங்க. 'நீங்க செத்துட்டீங்க, நான் தெரியாம சொல்லிட்டேன், போதும், படுத்துக்கோங்க'ன்னு. நான் அவங்க மொழியில சொல்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

"கேமரா வேண்டாம்" என்றார் மைக் அண்ணன் உடனே.

"உங்களை யாரு கேமரா கேட்டா?" என்றார் கப்பல்காரர்.

ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனார். அந்த இழுபடும் கால் அவர் போகிற இடமெல்லாம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள், காலையில்தான் வார்டுக்கு வந்தார். அதுவும் நல்ல எண்ணத்தில் இல்லை; அது விமானத்தில் ஏறிவிடுமோ என்ற பயத்தில்.

பதினோராம் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. நர்ஸ் போர்வையை ஒரு பக்கம் மடித்துத் தயாராக வைத்தாள். மற்றப் பத்தொன்பது கட்டில்களிலிருந்தும் நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கால்சத்தம் அவர் முதுகைச் சுற்றிக்கொண்டு கட்டில் பக்கம் வந்து நின்றது.

மெத்தையின் ஓரம் அமுங்கியது. யாரோ கையை ஊன்றிக்கொண்டு, உட்காரலாமா என்று காத்திருந்தாற்போல.

மைக் அண்ணன் எச்சில் விழுங்கினார். "அம்மா... வந்து..."

"அத்தான்!" மச்சினன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். திரை முழுவதும் சபை. ஆராதனை நேரம். மாமனார் மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை! அந்தம்மா எப்படி இருக்காங்க? நடக்குறாங்களா? ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க! சபை மூப்பருங்க எல்லாம் முடிவெடுக்கத்தான் உக்காந்திருக்காங்க!"

ஓரத்தில் சகலையின் முகம் எட்டிப் பார்த்தது. "ஆளைக் காட்டச் சொல்லுங்க மாமா" என்றது.

மைக் அண்ணன் கட்டிலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு பாவப்பட்ட ஜீவன் படுக்க இடம் கேட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. எதை எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"நடக்குறாங்களாவா? நிக்கவே மாட்டேங்குறாங்க! ராத்திரி பகல் பாக்காம நடந்துக்கிட்டே இருக்காங்க! இப்பக்கூட நடக்கத்தான் போயிருக்காங்க!"

போனுக்குள்ளிருந்து கைதட்டல் பொங்கி வழிந்தது. ஆயிரம் பேர் தட்டினார்கள். வார்டு முழுக்க அது எதிரொலித்தது.

அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

தப். சர்ர்ர்.

நர்ஸ் போர்வையை மறுபடி இழுத்து விரித்தாள். மைக் அண்ணனைப் பார்த்து ஏதோ சொன்னாள். கப்பலில் கற்ற தமிழில் வசவுக்கா பஞ்சம்? ஆனாலும் கப்பல்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை.

"சரி, சரி, இப்ப சொல்லிடறேன்" என்றார் மைக் அண்ணன்.

"இனிமே இங்க சொல்லிப் பிரயோஜனம் இல்லண்ணே. அந்தக் கைதட்டலைக் கேட்டுட்டாங்க. அத்தனை பேர் சந்தோஷப்பட்டா அது உண்மைன்னுதானே நினைப்பாங்க? எத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொல்லணும். அப்பதான் நம்புவாங்க." கப்பல்காரர் ஒரு காகிதத்தில் அந்த உண்மையைத் தன் மொழியில், தமிழ் எழுத்தில் எழுதி மைக் அண்ணன் பையில் திணித்தார். "நான் அங்க வர முடியாது. இதையும் சேத்து வாசிங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

விமானத்தில் அது நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வந்தது. வழியோரத்தில் கால் நீட்டித் தூங்கியவர்கள், எதற்கு என்று தெரியாமலே, அது வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாரையும் இல்லையே."

"ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறது யாரு? துடைக்கத் துடைக்க ஈரத்துல கால் தடம் விழுது. ஒரு கால்தான் முழுசா விழுது. இன்னொண்ணு கோடு மாதிரி இருக்கு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். பயப்படுவாள் என்று நினைத்தார்.

"பதவியேற்பு இருபத்தெட்டாம் தேதி" என்றாள் அவள். "அதுவரைக்கும் வாயைத் திறந்துடாதீங்க."

நல்ல ஜோடி.

மூன்று வாரம் அது நடந்தது. அவர் உட்கார்ந்தால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். சாப்பிட்டால் தட்டுக்கு அருகில் வந்து நிற்கும். காதோரத்தில், புரியாத மொழியில், அதே கேள்வியை மரியாதையாக, களைத்துப் போன குரலில் கேட்கும். அர்த்தம் அவருக்குத் தெரியும். போகப் போகத் தப்பென்ற சத்தம் மாறியது. ஈரத்துணியைத் தரையில் போடுவது போல ஆனது. மனைவி துடைத்த தண்ணீர் வெளிறிய சிவப்பாக வாளிக்குள் கிடந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணி. சபையில் இடம் போதாமல் வெளியே பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மாமனார் மருமகனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தார். எத்தனை வருஷக் கனவு! மாலை, பூ, கேமரா. முதல் வரிசையில் சகலை எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மைக் அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

வெள்ளை மார்பிள் மேடை. அவர் தலையைக் குனிந்தார்.

படிக்கட்டிலிருந்து நாற்காலிவரை தடம் வந்திருந்தது. இப்போது அது பாதத்தின் தடமாக இல்லை. தோலோ சதையோ விட்டுவைக்காமல் நடந்து நடந்து தேய்ந்த ஒன்று, இரண்டு இரண்டு எலும்பு முனைகளாக, ஊன்றி ஊன்றி, பக்கத்தில் அதே இழுபட்ட கோட்டோடு வந்திருந்தது.

நாற்காலிக்குப் பின்னால் மூச்சு வாங்கியது.

காதோரத்தில் அந்தக் கேள்வி.

மைக் அண்ணன் விருட்டென்று எழுந்தார். மனம் திரும்பி எழுந்தார் என்று யாரும் ஏமாற வேண்டாம், பயத்தில் எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"நான் பொய் சொல்லிட்டேன்! அந்தம்மா செத்துப்போனவங்க! நான் ஜெபிக்கும்போதே செத்துப்போயிருந்தாங்க! செத்தவங்களைப் போய் நடன்னு சொல்லிட்டேன்! அவங்க நடக்குறாங்க! இன்னும் நடக்குறாங்க!"

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த கணம் மாமனார் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "செத்தவங்களையே எழுப்பியிருக்காரு! இத்தனை நாள் அதைச் சொல்லாம தாழ்மையா இருந்திருக்காரு என் மருமகன்! அல்லேலூயா!"

"அல்லேலூயா!" என்று இடி இடித்தது சபை. ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். சகலைகூட எழுந்து கைதட்டினார். அவருக்கு வேறு வழியில்லை.

"ஐயோ, இல்ல! அப்படி இல்ல!" மைக் அண்ணன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கப்பல்காரர் எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். புரியாத மொழி மைக்கில் வந்து விழுந்தது. அவ்வளவுதான். அண்ணன் மேல் ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுகிறார் என்று முதல் வரிசை முழங்காலில் விழுந்தது. அவரைத் தொடர்ந்து ஆயிரம் பேரும் அவரவருக்கு வந்த பாஷையில் கண்ணை மூடிக்கொண்டு அலறத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் டிரம்ஸ் வேறு. அந்த இரைச்சலில், படுத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு சொல் அவர் காதிலேயே விழவில்லை. பின்னால் நிற்பவளுக்கு எங்கே விழப் போகிறது? அவளுக்குக் கேட்டது கைதட்டல் மட்டும்.

கூட்டம் கலையப் பன்னிரண்டரை ஆனது. உச்சி வெயிலில் வாசலுக்கு வந்த மைக் அண்ணனை மாலையோடு தோளில் தூக்காத குறைதான். அப்போது கேட்டுக்குள் ஒரு வண்டி பின்பக்கமாக நுழைந்தது. குளிர்பெட்டி வைத்த வண்டி. அதிலிருந்து குதித்து ஓடிவந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தடாலென்று அவர் காலில் விழுந்தார்.

"அண்ணே, நேரலையில பாத்தேண்ணே. எங்க அப்பா காலையில போயிட்டாரு. அடக்கத்துக்குத்தான் கொண்டு போயிட்டிருந்தோம். வழியில வண்டியைத் திருப்பிட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாரும் பாக்குறாங்க. ஏதாச்சும் சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

மைக் அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். மாட்டேன், மாட்டேன், மாட்டேன். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. கூட்டம் அதைப் பார்த்து, அண்ணன் உள்ளுக்குள்ளே ஜெபிக்கிறார் என்று அமைதியானது.

அந்த அமைதியில் அவர் முதுகுக்குப் பின்னால் கால் நகர்ந்தது.

தப். சர்ர்ர்.

இத்தனை நாளில் இல்லாத வழக்கமாக, அது அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனது.

சுடுசிமெண்டில் ஒவ்வொரு தடமாக விழுந்து, அந்த வண்டியை நோக்கிப் போனது.

வண்டியின் பின்பக்கம், யாரோ ஏறியது போல ஒரு தரம் அமுங்கியது. குளிர்பெட்டியின் மோட்டார் சத்தம் நின்றது. உள்ளே ஒரு பெண் குரல் தாழ்ந்த தொனியில் எதையோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

காலில் விழுந்து கிடந்தவர் தலையைத் தூக்கினார். "யாருண்ணே அது, வண்டிக்குள்ள?"

வண்டி மறுபடி அமுங்கி எழுந்தது. தரையில் கால் பதிந்தது. ஒன்று தேய்ந்த கால்.

அதற்குப் பக்கத்திலேயே வேறொரு ஆளின் கால், செருப்பில்லாமல், இன்னும் சரியாக நடக்கப் பழகாமல்.